பட்டாப்ஸ்கோ கரையில் ஒரு கருங்கல் நிலையம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கட்டடம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ரயில் பாதை வழியே மேற்கில் 13 மைல் போனால் எல்லிகாட் சிட்டி என்ற சிற்றூர் வரும். சரிவில் இறங்கிவரும் அதன் கடைத்தெரு பட்டாப்ஸ்கோ ஆற்றங்கரையில் போய் முடிகிறது. அது முடிகிற இடத்தில் தெருவுக்கு மேலே பாலம் போட்டு ரயில் பாதை போகிறது. அந்தப் பாலத்தை ஒட்டிக் கருங்கல்லால் கட்டிய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1830-லும் 1831-லும் எழுந்தது அது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் மிகப் பழையது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

மிகப் பழையது என்று கேட்டதும் பலர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிட வேறொன்றுதான் முக்கியம். இந்தக் கட்டடத்துக்குக் கல் அடுக்கத் தொடங்கியபோது, ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. பயணி எங்கே காத்திருப்பான், டிக்கெட்டை யார் எங்கே கொடுப்பது, மூட்டையை எப்படி இறக்குவது, எஞ்சின் எங்கே திரும்புவது, எதற்கும் விடை இல்லை. எஞ்சின் என்ற ஒன்று ஓடுமா என்பதே அப்போது முடிவாகவில்லை. தெரியாத ஒரு வேலைக்காகக் கட்டிய வீடு இது. அந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வீடு. அதன் சுவர்களைப் படித்தால் ஒரு தொழில் பிறந்த விதமே தெரியும். அதைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். 1772-ல் ஜோசப், ஆண்ட்ரூ, ஜான் என்று மூன்று எல்லிகாட் சகோதரர்கள் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியிலிருந்து இங்கே வந்தார்கள். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மாவு அரைக்கும் தொழில் தெரிந்தவர்கள். பட்டாப்ஸ்கோ ஆறு அங்கே பாறைகளுக்கிடையே வேகமாக இறங்குகிறது. அந்த வேகம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மில்கள் வைத்தார்கள். ஊருக்கு எல்லிகாட் மில்ஸ் என்று பெயர் வந்தது. அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் அதுவரை புகையிலைதான் பயிர். புகையிலை மண்ணைத் தின்றுவிடும். கோதுமை போடுங்கள், நாங்கள் அரைத்துத் தருகிறோம் என்று பண்ணையார்களை இணங்க வைத்தவர்கள் இந்தச் சகோதரர்கள். ரயில் அங்கே வந்ததற்கு வித்து அந்தக் கோதுமைதான். மாவுப் பீப்பாய்கள் துறைமுகத்துக்குப் போக வேண்டும், வழி மேடும் பள்ளமுமான மண் சாலை.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது பெஞ்சமின் பேனக்கரைச் சொல்லாமல் தாண்ட என் மனம் ஒப்பாது. 1731-ல் பிறந்த கறுப்பினத்தவர். அடிமைப்பட்டவராக இல்லை, சுதந்திரமானவர். ஆற்றுக்கு அப்பால் சொந்த நிலத்தில் புகையிலை பயிரிட்டு வாழ்ந்தார். இருபது வயதை ஒட்டி, மரத்தைச் செதுக்கியே ஓடுகிற கடிகாரம் ஒன்று செய்தார். எல்லிகாட் குடும்பத்து ஜார்ஜ், வயதில் அவரைவிட மிக இளையவர், வானியல் நூல்களையும் கருவிகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொண்டு பேனக்கர் தாமே கிரகணங்களைக் கணக்கிடக் கற்றுக்கொண்டார். 1791-ல் புதிய தலைநகரான வாஷிங்டனின் எல்லையை அளக்கப் போன மேஜர் ஆண்ட்ரூ எல்லிகாட்டுக்கு உதவியாளராகப் போனார். அதே ஆண்டு தம் பஞ்சாங்கத்தின் கைப்பிரதியோடு தாமஸ் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி, எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனம் எழுதிய கை எப்படி அடிமைகளை வைத்திருக்கலாம் என்று நேருக்கு நேர் கேட்டார். ரயில் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் இந்த ஊர் எப்படிப்பட்ட மண்ணில் முளைத்தது என்பதை அவர் வாழ்க்கையைப்போல் வேறெதுவும் சொல்லாது.

இனி ரயிலுக்கு வருவோம். 1825-ல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய் திறந்தது. மேற்குப் பகுதியின் தானியமும் மரமும் கால்வாய் வழியே நியூயார்க் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கின. பால்டிமோர் வணிகர்களுக்கு உறக்கம் போயிற்று. அவர்கள் ஊருக்கு மேற்கே மலைத்தொடர். கால்வாய் வெட்டித் தண்ணீரை மலையேற்றுவது பெரும்பாடு. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டி இரும்புப் பாதையில் வண்டிகள் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அந்த ஒற்றைக் கேள்வி ஞானத்தை நம்பி, 1827 பிப்ரவரியில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்வே என்ற கம்பெனிக்கு மாநிலத்திடம் சாசனம் வாங்கினார்கள். ஒஹையோ ஆறு அங்கிருந்து முந்நூறு மைலுக்கும் மேல். அந்த நீளத்தில் பொதுப் போக்குவரத்துக்கு ரயில் பாதை போட்டவர் அன்று உலகத்தில் யாரும் கிடையாது. துணிச்சல் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. பிழைப்புப் போய்விடும் என்ற பயமும் அதில் பாதி இருந்தது. பயம் மனிதரைப் பெரிய காரியங்களுக்குத் தள்ளிவிடும் என்பதற்கு இந்தக் கம்பெனி நல்ல சான்று.

1828 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர நாள். அன்று பால்டிமோரில் ரயில் பாதையின் முதல் கல்லை வைத்தவர் சார்லஸ் கேரல். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த கடைசி மனிதர், வயது 90. அதே நாளில் நாற்பது மைல் தள்ளி, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் செசபீக்–ஒஹையோ கால்வாய்க்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஒரு வேரில் பட்டுத் தெறித்ததும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்டினாராம், கூட்டம் ஆரவாரித்தது. ஒரே பகலில், ஒரே இலக்கை நோக்கி இரண்டு பாதைகள் கிளம்பின. கம்பர்லாந்து என்ற ஊருக்கு ரயில் 1842-ல் போய்ச் சேர்ந்தது, கால்வாய் 1850-ல். கால்வாய் அதற்குமேல் போகவில்லை.

கேரலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லிகாட் மில்ஸுக்கு அருகே அவருக்குப் பெரும் பண்ணை. எல்லிகாட் சகோதரர்களின் பேச்சைக் கேட்டுக் கோதுமைக்கு மாறிய முதல் பண்ணையார்களில் அவரும் ஒருவர். அந்தக் கோதுமையை விதைத்ததும் அறுத்ததும் அவர் அடிமைகளாக வைத்திருந்த நூற்றுக்கணக்கான மனிதர்கள். ரயிலின் முதல் கல்லைச் சொல்லும் எந்த அருங்காட்சியகமும் அந்தக் கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த நாளின் விழா அணிவகுப்பு, கல்லை வைத்த முதியவர், அவர் கையிலிருந்த மண்வெட்டி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

பாதை போடும் வேலையைப் பாருங்கள். ஜோனதன் நைட், வில்லியம் மக்நீல், ஜார்ஜ் விஸ்லர் ஆகிய பொறியாளர்களை இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார்கள். இந்த விஸ்லர்தான் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர் விஸ்லரின் தந்தை. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எதையும் நிலைக்கும்படி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மரத்துக்குப் பதில் கருங்கல் நீளங்களைத் தரையில் பதித்து, அதன் விளிம்பில் பட்டை இரும்பை அறைந்தார்கள். பட்டாப்ஸ்கோ பள்ளத்தாக்கில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பனிக்காலத்தில் மண் உறைந்து உப்பியபோது கல் நகர்ந்தது, பாதை கோணியது. கல் நெகிழாது, வளையாது. மேலே ஓடும் சக்கரம் அடி வாங்கியது. பட்டை இரும்போ ஆணி கழன்றால் முனை சுருண்டு மேலே எழும்பும். சில ஆண்டுகளிலேயே கல்லை விட்டுவிட்டு மரக்கட்டைக்குத் திரும்பினார்கள். எது உறுதியோ அது பாதைக்கு நல்லது என்ற எண்ணம் தவறு என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பணமும் உழைப்பும் ஆயிற்று. பாதைக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சி வேண்டும். இன்றைக்கும் நம் தண்டவாளங்கள் ஜல்லிமேல் கிடப்பது அதனால்தான்.

பாலங்களில் மட்டும் கல் வென்றது. 1829-ல் முடிந்த கேரல்டன் பாலம் இன்றும் ரயிலைச் சுமக்கிறது. எல்லிகாட் மில்ஸில் தெருவைத் தாண்ட ஆலிவர் பாலம் எழுந்தது.

இவ்வளவு வேலையையும் செய்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளிகள். பாறையைக் கையால் துளைத்து, வெடிமருந்து வைத்து உடைத்து, தள்ளுவண்டியில் அள்ளினார்கள். 1831 கோடையில் எல்லிகாட் மில்ஸுக்கு மேற்கே ஓர் ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுக்காமல் கைவிட்டார். கூலி வராத தொழிலாளிகள் தாங்கள் போட்ட பாதையைத் தாங்களே பெயர்த்துப் போடத் தொடங்கினார்கள். பால்டிமோரிலிருந்து படை புறப்பட்டது. அந்தப் படை வந்தது இதே ரயில் பாதையில். அமெரிக்காவில் படைவீரர்களை ரயிலில் கொண்டுபோனது அதுவே முதல் முறை என்று சொல்வார்கள். பாதை போட்டவர்களைப் பிடிக்கப் பாதையே உதவியது. முதன்முதல் என்று பெருமையாகப் பட்டியல் போடும்போது இதையும் அதில் எழுத வேண்டும்.

1830 மே 24. பால்டிமோரிலிருந்து எல்லிகாட் மில்ஸ் வரை 13 மைலும் திறந்தது. வண்டியை இழுத்தது குதிரை. பாதி வழியில் குதிரை மாற்றுவார்கள். அந்த இடத்துக்கு ரிலே என்று பெயர் நின்றுவிட்டது. போய்வர 75 சென்ட். நகரத்து மக்கள் வேடிக்கை பார்க்கவும் காற்று வாங்கவும் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். சரக்குக்காகப் போட்ட பாதையில் மனிதர்கள் இவ்வளவு ஆர்வமாக வந்து ஏறுவார்கள் என்று கம்பெனி எதிர்பார்க்கவில்லை.

குதிரைக்குப் பதில் வேறென்ன வைக்கலாம் என்று அந்த ஆண்டுகளில் எதையெல்லாமோ பார்த்தார்கள். வண்டியில் பாய்மரம் கட்டி ஓட்டினார்கள். காற்று அடித்தால் போயிற்று, வளைவில் காற்று திரும்பினால் நின்றது. ருஷ்யத் தூதர் ஒருவர் அதில் ஏறிப்பார்த்து மகிழ்ந்தார். வண்டிக்குள்ளேயே குதிரையை நிறுத்தி, அது நடக்க நடக்கச் சுழலும் பலகைமேல் நடக்கவிட்டு, அந்தச் சுழற்சியால் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்து அந்த வண்டி கவிழ்ந்தது. இதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரலாம். நான் அவர்களை மதிக்கிறேன். விடை தெரியாத கேள்விக்கு முன்னால் நின்றவர்கள் கையில் கிடைத்த எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள்.

பீட்டர் கூப்பர் என்ற நியூயார்க் வணிகர் பால்டிமோரில் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். ரயில் பிழைத்தால்தான் அவர் நிலத்துக்கு விலை. இங்குள்ள வளைவுகள் மிகக் கூர்மையானவை, இங்கிலாந்து எஞ்சின்கள் இதில் ஓடாது என்று பொறியாளர்கள் கைவிரித்தபோது, ஓடும் என்று காட்ட அவரே சின்னதாக ஓர் எஞ்சின் கட்டினார். கொதிகலனுக்குள் வைக்கக் குழாய் கிடைக்கவில்லை. துப்பாக்கிக் குழல்களை வாங்கி வைத்தார். பின்னாளில் டாம் தம்ப் என்று பெயர் பெற்றது அது. 1830 ஆகஸ்டில் கம்பெனி இயக்குநர்களை ஏற்றிக்கொண்டு எல்லிகாட் மில்ஸ் வரை வந்தது. மணிக்கு 18 மைல் வேகம் வந்தபோது, சிலர் குறிப்பேட்டை எடுத்துத் தங்கள் பெயரையும் சில வாக்கியங்களையும் எழுதிப் பார்த்தார்களாம். அந்த வேகத்திலும் மனிதனால் எழுத முடியும் என்று நிரூபிப்பதற்காக!

அந்த எஞ்சினோடு சாம்பல் நிறக் குதிரை ஒன்று போட்டி போட்டு ஜெயித்த கதை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். திரும்பும் வழியில், பக்கத்துப் பாதையில் குதிரை வண்டி. குதிரை முந்திக்கொண்டது, எஞ்சின் பிடித்தது, தாண்டியது. குதிரைக்காரன் விட்டுவிடப் போகிற நேரத்தில் நெருப்புக்குக் காற்றூதும் விசிறியின் வார் கழன்றது. கூப்பர் வெறுங்கையால் அதை மாட்ட முயன்று கையைக் கிழித்துக்கொண்டார். நீராவி இறங்கிப்போய்க் குதிரை வென்றது. இந்தக் கதையை நமக்கு விட்டுச் சென்றவர் ஜான் லாட்ரோப் என்ற வழக்கறிஞர். கம்பெனியின் ஆரம்பத்திலிருந்தே அதற்கு வேலை செய்தவர். அவர் இதை விரிவாகச் சொன்னது 1868-ல், பால்டிமோரில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில். நடந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் 38 ஆண்டுகள். கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 38 ஆண்டு நினைவிலிருந்து வந்த கதை என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. போட்டியில் குதிரை வென்றாலும் முடிவில் எஞ்சின்தான் வென்றது. மறு ஆண்டு கம்பெனி பரிசு அறிவித்து எஞ்சின்களை வரவழைத்தது. யார்க் என்ற ஊரைச் சேர்ந்த கடிகாரக்காரர் ஃபினியஸ் டேவிஸின் எஞ்சின் வென்றது. குதிரைகள் மெல்ல மெல்லப் பாதையை விட்டு விலகின.

இப்போது கட்டடத்துக்குள் வருவோம். ஜேக்கப் ஸ்மால் என்பவர் வரைந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே வெட்டிய கருங்கல். இரண்டு தளம். ஆற்றங்கரைச் சரிவில் நிற்பதால் கீழ்த்தளம் தெருவோடும் மேல்தளம் தண்டவாளத்தோடும் பொருந்துகிறது. இதில்தான் அந்தக் காலத்து யோசனை முழுதும் இருக்கிறது. கட்டியவர்கள் மனதில் இருந்தது சரக்குக் கிடங்கு. கீழே மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் வந்து நிற்கும். மேலே ரயில் வண்டி வந்து நிற்கும். நடுவில் சரக்கு ஏறி இறங்கும். மில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மூட்டையை மேலேற்றிக் கீழே விட்டுப் பழகியவர்கள், அதையே ரயிலுக்கும் செய்தார்கள். வண்டிகளும் எஞ்சினும் மேல்தளத்துக்கே வந்து நின்று பழுது பார்த்துப் போகும் ஏற்பாடும் இருந்தது. அந்த முதல் ஏற்பாட்டில் பயணிக்கு என்று ஓர் அறை கிடையாது. எதிரே பட்டாப்ஸ்கோ ஹோட்டல். பயணிகளுக்கு அந்த விடுதியே காத்திருக்கும் இடம்.

இதே 1830 செப்டம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் லிவர்பூல் சாலை நிலையம் திறந்தது. அங்கே முதல் வகுப்புக்கு ஒரு கூடம், இரண்டாம் வகுப்புக்கு ஒரு கூடம், படிக்கட்டு உட்படத் தனித்தனி. வர்க்கத்தைப் பிரிக்கத் தெரிந்த சமூகம் அதைக் கல்லில் கட்டியது. எல்லிகாட் மில்ஸ் சரக்கைப் பிரிக்கத் தெரிந்த ஊர்; அதைக் கட்டியது. ரயில் நிலையம் என்பது வானத்திலிருந்து விழுந்த வடிவம் இல்லை. ஒவ்வோர் ஊரும் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கட்டியது. லிவர்பூல் சாலை நிலையமும் இன்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதிதான் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

1833 ஜூன் 6-ஆம் தேதி ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வாஷிங்டனிலிருந்து குதிரை வண்டியில் எல்லிகாட் மில்ஸ் வரை வந்து, இங்கே ரயிலேறிப் பால்டிமோர் போனார். பதவியில் இருந்த அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் ரயிலில் ஏறியது அதுதான் முதல். அவருக்கும் காத்திருக்க அறை இருந்திருக்காது.

காத்திருக்கும் அறை வர 25 ஆண்டு ஆயிற்று. 1850-களின் நடுவில்தான் கட்டடத்தின் உள்ளே தடுப்பெழுப்பி, பயணிகளுக்கு அறைகள் பிரித்தார்கள். 1860-களில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை வந்தது. 1885-ல் செங்கல்லில் தனியாக ஒரு சரக்குக் கூடம் பக்கத்தில் எழுந்தது. வரைந்தவர் ஃபிரான்சிஸ் பால்ட்வின். அந்தக் கூடம் வந்த பிறகே கருங்கல் கட்டடம் முழு நேரப் பயணி நிலையம் ஆனது. கிடங்காகப் பிறந்தது நிலையமாக அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

உள்நாட்டுப் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861-ல் வட மாநிலங்களின் படை ரிலேயில் முகாமிட்டுப் பாதையைக் காவல் காத்தது. தெற்குக்குக் கடத்திக்கொண்டு போன நீராவித் துப்பாக்கி என்ற விசித்திரமான கருவியை எல்லிகாட் மில்ஸுக்கு அருகே பிடித்தது. 1864-ல் மானகசிப் போரில் தோற்றுப் பின்வாங்கிய படையினரும் காயம்பட்டவர்களும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்து 1867-ல் ஊர் நகரசபையாகி எல்லிகாட் சிட்டி என்று பெயர் மாறியது.

மறு ஆண்டு ஆறு வந்தது.

1868 ஜூலை 24, வெள்ளிக்கிழமை. மேற்கே மலைப்பகுதியில் கொட்டிய மழை பட்டாப்ஸ்கோவில் திரண்டு இறங்கியது. ஊரில் நின்றவர்கள் ஓடி மேடேறுவதற்குள் தண்ணீர் கரையைத் தாண்டியது. அக்கரையில் மில்லை ஒட்டி வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். ஒரு வீடு சரிய, அதிலிருந்தவர்கள் சுவரை உடைத்தும் கூரை வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அதுவும் சரிய, அடுத்ததற்கு. கடைசி வீட்டில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தபோது அதுவும் போயிற்று. இக்கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வேயின் முதல் பாலங்களில் ஒன்றான பேட்டர்சன் பாலத்தை ஆறு கொண்டுபோனது. சரிவின்மேல் நின்ற நிலையம் தப்பியது.

இந்த ஊரின் வரலாற்றை எழுதுபவர்கள் ரயிலை ஓர் அத்தியாயத்திலும் வெள்ளத்தை இன்னோர் அத்தியாயத்திலும் வைப்பார்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தோன்றவில்லை. சகோதரர்கள் ஆற்றின் வேகத்துக்காக வந்தார்கள். ரயில் அவர்கள் மில்லுக்காக, ஆற்றின் பள்ளத்தாக்கையே வழியாகப் பிடித்து வந்தது. மலையைக் குடைய வசதியில்லாத காலத்தில் ஆறு அறுத்துவைத்த வழிதான் பாதைக்குக் கிடைத்த ஒரே வழி. அந்த வளைவுகள் எல்லாம் ஆற்றின் வளைவுகள். எது ஊரை உண்டாக்கியதோ அதுவே ஊரை அடித்தது.

வெள்ளத்துக்குத் தப்பிய நிலையம் பிறகு முக்கியத்துவம் இழந்தது ஒரு புதிய பாதையால். 1873-ல் அதே கம்பெனி வாஷிங்டனிலிருந்து மேற்கே நேராக ஒரு புதிய கிளையைத் திறந்தது. மேற்கு நோக்கிப் போகும் பெரிய வண்டிகள் வாஷிங்டனைத் தொட்டுக்கொண்டு அந்த வழியே போகத் தொடங்கின. எல்லிகாட் சிட்டி வழியே போன முதல் பாதைக்குப் பழைய பிரதானப் பாதை என்று பெயர் மட்டும் மிஞ்சியது. உள்ளூர் வண்டிகள் ஓடின. பிறகு நகரிலிருந்து டிராம் வந்தது, கார் வந்தது. 1949-ஆம் ஆண்டின் முடிவோடு பயணி வண்டி நின்றது. 1968-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் ஊர் மறுபடி மூழ்கியது. அதோடு சரக்கு வேலையும் முடிந்தது. 142 ஆண்டு வேலை பார்த்த இடம் பூட்டிக் கிடந்தது.

ஊர்க்காரர்கள் அதை விடவில்லை. சங்கம் சேர்ந்து, பணம் திரட்டி, 1970-களிலேயே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். பின்னர் பால்டிமோரின் ரயில் அருங்காட்சியகம் சில காலம் நடத்தியது; இப்போது ஹோவர்ட் கவுண்டி நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. 1885-ன் சரக்குக் கூடத்தில் அந்த முதல் 13 மைலையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே பழைய கார்டு வண்டி ஒன்று நிற்கிறது. புதைந்து கிடந்த சுழல்மேடையின் குழியையும் தோண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி ரயில் பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் அங்கே போகிற பெரியவர்களுக்கு நான் சொல்வது: வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேல்தளம் ஏன் தண்டவாள மட்டத்தில் நிற்கிறது, கருங்கல் எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். காட்சிப் பெட்டிகள் சொல்லாததை அந்த மட்ட வித்தியாசம் சொல்லும்.

இன்னொன்று. நிலையம் ஓய்வு பெற்றது, பாதை ஓய்வு பெறவில்லை. அருங்காட்சியகச் சுவரை உரசிக்கொண்டு இன்றும் சரக்கு ரயில்கள் போகின்றன. 2012 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு, நிலக்கரி ஏற்றிய ரயில் ஊரின் பாலத்தருகே தடம் புரண்டது. பாலத்து விளிம்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு இளம்பெண்கள் சரிந்த நிலக்கரியில் புதைந்து இறந்தார்கள். பழமை, பாரம்பரியம் என்ற சொற்களை இந்தப் பாதைக்குச் சூட்டும்போது அது இன்றும் பல்லாயிரம் டன் எடை ஓடும் பாதை என்பதை மறக்கலாகாது.

வெள்ளமும் ஓயவில்லை. 2016 ஜூலை 30-ஆம் தேதி இரவு, இரண்டு மணி நேரத்தில் சுமார் ஆறு அங்குல மழை. 1868-லும் 1972-லும் ஆறு கீழிருந்து ஏறியது. இந்த முறை தண்ணீர் மேலிருந்து வந்தது. கடைத்தெருவுக்கு அடியிலும் பக்கத்திலும் ஓடும் சின்ன ஓடைகள் நிரம்பித் தெருவே ஆறாகியது. கார்கள் மிதந்து சரிவில் உருண்டன. இருவர் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்றார்கள் வல்லுநர்கள். இரண்டு ஆண்டு கழிவதற்குள், 2018 மே 27 அன்று, அதே போன்ற மழை மறுபடி வந்தது. இன்னோர் உயிர் போனது. தெருவின் கீழ்முனையில் நிற்கும் நிலையம் இரண்டு முறையும் சேறும் சிதைவும் தாங்கியது. மேலே குன்றுகளில் வீடுகளும் சாலைகளும் பெருகித் தரை நீரைக் குடிப்பது குறைந்ததும், மழையின் போக்கே மாறிவருவதும் சேர்ந்து செய்த வேலை இது.

பிறகு எழுந்த விவாதம் என்னைப் போன்றவர்களைச் சங்கடப்படுத்துகிறது. நீர் போக இடம் வேண்டுமென்றால் கீழ்த் தெருவின் பழைய கட்டடங்களை இடிக்க வேண்டும் என்றது முதல் திட்டம். பலவற்றை இடிக்கச் சொன்ன அந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. 2019-ல் திட்டத்தை மாற்றி, இடிப்பதை நான்கு கட்டடமாகக் குறைத்து, பாறைக்குள் சுரங்கக் கால்வாய் ஒன்று குடைந்து மேட்டு நீரை நேரே பட்டாப்ஸ்கோவுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். கட்டடம் பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டால் பதிலில் தயக்கம் இருக்க முடியாது. நான்கும் போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன், மனம் வலித்தாலும். ஆனால் இடிப்பதற்கு முன் அந்த நான்கையும் அளந்து, வரைந்து, படமெடுத்து, அவற்றில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று எழுதி, அந்தப் பதிவை நிலையத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று கேட்பேன். கூலி கிடைக்காமல் பாதையைப் பெயர்த்த அயர்லாந்துத் தொழிலாளிகளுக்கும் கேரலின் வயலில் கோதுமை அறுத்தவர்களுக்கும் அங்கேயே ஒரு சுவர் வேண்டும். கருங்கல் கட்டடத்தில் இடம் போதாவிட்டால் 1885-ன் சரக்குக் கூடம் இருக்கிறது. மாதிரி ரயிலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.